ஒரு முழம் ஸ்பிரிங்

போன வாரம் பள்ளிக்கூட லீவுக்குச் சென்னையிலிருந்து சித்தப்பா பையன் குடும்பத்தோட தோட்டத்துக்கு வந்திருந்தான். பாலிஹவுஸுக்குள்ள கூட்டிப் போனேன். வெள்ளரிக்கொடியைப் பார்த்தான், சொட்டுநீர்க் குழாயைப் பார்த்தான், போட்டோ எடுத்தான். வெளியே வரும்போது கீழே கிடந்த ஒரு கம்பியை எடுத்து, "இது என்னண்ணா?" என்றான். பாம்பு நெளிஞ்ச மாதிரி வளைச்சு, மேலே பிளாஸ்டிக் பூசின மெல்லிய கம்பி. நாங்க ஸ்பிரிங்னு சொல்றது. "இதுதான்டா அந்தக் கூரையைப் பிடிச்சு வெச்சிருக்கு" என்றேன். சிரிச்சான்.

நானும் ஒரு காலத்தில் சிரிச்சவன்தான். மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆடி மாசத்து ராத்திரியில் அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான், இந்த மாதிரி கூரையைக் காத்துக்குப் பறிகொடுத்தவங்க உலகத்தில் வேற யாராவது உண்டான்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தேடினா, இருநூறு வருஷமா ஒரு பெரிய கூட்டமே இருக்குது.

முதல்ல எங்க ஊர் காத்தைச் சொல்லணும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீளமான மதில்னு வெச்சுக்குங்க. அதுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கேட் திறந்து கிடக்குது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கேட்டுக்குள்ள புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வழியா ஓடும். வைகாசிக் கடைசியில் ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் மேகாத்துதான். நீங்க பஸ்ல வரும்போது இரண்டு பக்கமும் பார்க்கிற காத்தாலைகள் எல்லாம் இந்தக் காத்தை நம்பி வந்தவை. அதே காத்தை நம்பாம பயந்து கிடக்கிறவங்க நாங்க.

எங்க அப்பாரு காலத்தில் தோட்டத்தில் இருந்தது சாளை. தென்னங்கீத்து வேய்ஞ்ச குடிசை. ஆடி பொறக்கறதுக்கு முந்தி அவர் கத்தாழை நார்க்கயிறு திரிச்சு, கூரை மேல குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் பெரிய கல்லைக் கட்டித் தொங்க விடுவார். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லிக்கிட்டே கல்லைக் கட்டுவார். அவர் பண்ணினதுல இரண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, எடை. இன்னொண்ணு, கீத்து வழியா காத்து உள்ளேயும் வெளியேயும் போய்வரும், அடைச்சு நிக்காது.

அப்புறம் வந்தது ஓட்டு வீடு. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் அதை நடத்தினார். நாம சீமை ஓடுன்னு சொல்றது அந்த வம்சம். ஓட்டுக்கு அடியில் சின்னதா இரண்டு மூக்கு இருக்கும். அது ரீப்பர்ல மாட்டிக்கும். ஆணி கிடையாது. ஒரு ஓடு இரண்டு, இரண்டரைக் கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு. ஆக 30 கிலோவுக்கு மேல எடை கூரை மேல உட்கார்ந்திருக்கும். ஓரத்து வரிசையை மட்டும் கொத்தனார் காரை வெச்சுப் பூசி விடுவார். ஏன் ஓரத்துக்கு மட்டும்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "காத்து ஓரத்துலதான் விரல் விடும்" என்றார் அப்பாரு.

இந்த ஒரு வரியை என்ஜினியர்கள் நெறய கணக்குப் போட்டுச் சொல்லுவாங்க. காத்து கூரையைத் தள்ளும்னுதான் நாம நினைக்கிறோம். அது தள்ளறது செவுத்தை. கூரையை அது தூக்கும். மேலே வேகமா ஓடற காத்து கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். அந்த இழுப்பு ஓரத்திலும் மூலையிலும்தான் ரொம்ப அதிகம். கதவு திறந்திருந்தா உள்ளே புகுந்த காத்தும் சேர்ந்து கீழிருந்து முட்டும். வேகம் இரண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் காத்துன்னா சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோ அழுத்தம்.

அந்த 47-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க. ஓடு 30 கிலோவுக்கு மேல, சந்து வழியா காத்தும் விடும், அதனால பெரும்பாலும் தப்பிக்கும். இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி 5 கிலோ. எங்க பாலிஹவுஸ் மேல போர்த்தியிருக்கிற 200 மைக்ரான் ஷீட்? சதுர மீட்டருக்கு 200 கிராம் கூட இல்லை. எடை போகப் போக, கூரை தன் பாரத்தில் உட்கார்ந்திருந்த காலம் போய், யாரோ பிடிச்சுக்கிட்டே நிக்கவேண்டிய காலம் வந்துச்சு. பசுமைக்குடிலோட சரித்திரமே அந்தப் பிடியோட சரித்திரம்தான்னு எனக்குத் தோணுது.

ஆரம்பம் வெள்ளரியில்தான். ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸுக்குத் தினமும் வெள்ளரி வேணும். அவருடைய தோட்டக்காரர்கள் சக்கரம் வெச்ச பாத்தியில் கொடியை வளர்த்து, வெயிலில் தள்ளி வெச்சு, குளிர் நாளில் ஒளி ஊடுருவும் கல் பலகைக்கு அடியில் இழுத்து வெச்சாங்கன்னு பிளினி எழுதி வெச்சிருக்கார். காத்து வந்தா வண்டியைத் தள்ளிக்கிட்டு உள்ளே போயிடலாம். அதைவிட நல்ல பாதுகாப்பு அப்புறம் யாருக்கும் கிடைக்கலை.

கண்ணாடி வீடுகள் பெருகினது இங்கிலாந்தில். அங்கே 1845 வரைக்கும் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி. அதனால மெல்லிசா, சின்னச் சின்னத் துண்டா வாங்கி, மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடுக்கினாங்க. அதை மரச்சட்டத்தில் பிடிச்சு வெச்சது தலையில்லாத குட்டி ஆணியும், சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைஞ்ச பட்டியும். நம்ம பெயின்டர் பட்டி பாக்கறாரே, அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். புதுசா இருக்கும்போது பட்டி ரப்பர் மாதிரி இருக்கும். சில வருஷ வெயிலில் காஞ்சு, வெடிச்சு, உதிரும். அப்போ கண்ணாடி சட்டத்துக்குள்ள ஒரு நூல் அளவு ஆடும். ஆடற கண்ணாடிதான் முதல்ல போகும். அதனால பெரிய தோட்டங்களில் பட்டியைச் சுரண்டிப் புதுசா வைக்கிறதே ஓயாத வேலை. கண்ணாடி வீடு என்பது கண்ணாடியாலேயும் இரும்பாலேயும் ஆனதில்லை. அடிக்கடி ஏணி போட்டு மேல ஏறின ஆளுங்களால் ஆனது.

அந்த ஏணியில் ஏறி உலகப் புகழ் அடைஞ்சவர் ஜோசப் பாக்ஸ்டன். விவசாயி மகன். சாட்ஸ்வொர்த் என்ற பிரபு மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர். அங்கே 1836-ல் ஆரம்பிச்சு 277 அடி நீளம், 123 அடி அகலம், 67 அடி உயரத்துக்கு ஒரு கண்ணாடி வீடு கட்டினார். கூரையை மலையும் பள்ளமுமா மடிச்ச விசிறி மாதிரி அமைச்சார். அதுக்கப்புறம் 1851-ல் லண்டன் ஹைடு பார்க்கில் பொருட்காட்சிக்காகக் கிரிஸ்டல் பேலஸ். கிட்டத்தட்ட 3 லட்சம் கண்ணாடி. ஒவ்வொண்ணும் 49 அங்குலம் நீளம், 10 அங்குலம் அகலம். மழைநீர்க் கால்வாய் மேலேயே சக்கர வண்டி ஓடவிட்டு, அதில் உட்கார்ந்தபடி கண்ணாடி மாட்டினாங்க. 80 பேர் ஒரே வாரத்தில் 18,000-க்கு மேல மாட்டியிருக்காங்க.

இது காத்தில் நிக்குமான்னு அப்பவே சண்டை. அரசாங்க வானியலாளர் ஜார்ஜ் ஏரி நிக்காதுன்னு எச்சரிச்சார். மாடத்தோட பலத்தைச் சோதிக்கப் படைவீரர்களை அணிவகுத்து நடக்க விட்டுப் பார்த்தாங்க. பலகையைச் சோதிக்க ஆளை நடக்க விடலாம். கூரையைச் சோதிக்க யாரை விடறது? ஹைடு பார்க்கில் அது நின்னுச்சு. அப்புறம் பிரிச்சு, சைடன்ஹாம் மேட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிசாக் கட்டினாங்க. 1861-ல் அங்கே அடிச்ச காத்து வடக்குச் சிறகில் ஒரு பகுதியைச் சாய்ச்சிருச்சு. மேட்டுல கட்டினா காத்து கேட்காமலே வரும். இது எங்க ஊர் ஆட்டுக்காரருக்கும் தெரியும்.

ஏரி ஐயாவைப் பத்தி இன்னொரு சங்கதி. கண்ணாடி மாளிகைக்குப் பயந்த அதே மனுஷன்தான், 1873-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பாலத்துக்காகக் கேட்டப்போ, பாலம் முழுசுக்கும் சதுர அடிக்கு 10 ராத்தலுக்கு மேல காத்து அழுத்தாதுன்னு எழுதிக் கொடுத்தார். 10 ராத்தல்னா நான் சொன்ன 47 கிலோவுக்குக் கிட்டத்தட்ட சமம். 1879 டிசம்பர் 28 ராத்திரி, அதே என்ஜினியர் ஏற்கெனவே கட்டியிருந்த டே பாலம் புயலில் ரயிலோட ஆத்துக்குள்ள விழுந்துச்சு. அதுக்கப்புறம் அமைச்ச குழு 56 ராத்தலுக்குக் கணக்குப் போடச் சொன்னது. பாலிஹவுஸ் கொட்டேஷன்ல "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்" என்று ஒரு வரி வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏரி ஐயா ஞாபகம்தான்.

சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீடு காத்தால் போகலை. முதல் உலகப்போரில் நிலக்கரித் தட்டுப்பாடு, பராமரிக்க ஆளில்லை. சூடு இல்லாமல் செடியெல்லாம் செத்துச்சு. கடைசியில் 1920-ல் வெடி வெச்சுத்தான் இடிச்சாங்க. ஒரே வெடியில் விழலையாம், பல தடவை வைக்க வேண்டியிருந்துச்சு. அவ்வளவு உறுதி!

பட்டி வேலையைக் குறைச்சவங்க டச்சுக்காரங்க. கடலோரக் காத்துக்கு நடுவில் விவசாயம் பண்றவங்க இல்லையா. சட்டத்தில் ஒரு பள்ளம் செதுக்கி, அதுக்குள்ள ஒரே முழுக் கண்ணாடியைச் சறுக்கி விட்டு, கீழே ஒரு தடுப்புக் கட்டை. பட்டியே வேண்டாம். அப்புறம் வந்த வென்லோ வகைக் கண்ணாடிக் கூடத்திலும் கீழ்க்கால்வாயிலிருந்து முகடு வரை ஒரே கண்ணாடி. இணைப்பு எவ்வளவு குறையுதோ, காத்து விரல் விடற இடமும் அவ்வளவு குறையும்.

அப்புறம்தான் நம்ம பிளாஸ்டிக். 1948-ல் அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி எம்மெர்ட் கண்ணாடி வீடு கட்டக் காசு போதாம, மரச்சட்டத்து மேல செல்லுலோஸ் ஷீட்டைப் போர்த்தினார். சிரிச்சிருப்பாங்க. ஆனா உலகத்துச் சின்ன விவசாயிகளுக்கெல்லாம் கதவு திறந்தது அங்கேதான். கொஞ்ச நாளில் பாலித்தீன் வந்துச்சு. விலை குறைஞ்சது, எடை குறைஞ்சது, பிடிக்கிற பிரச்சினை பல மடங்காச்சு. கண்ணாடி அசையும், பிளாஸ்டிக் படபடக்கும். மரப்பட்டையை வெச்சு ஆணி அடிச்சா, ஆணி அடிச்ச ஓட்டைதான் கிழிசலுக்கு ஆரம்பம். துணியைக் கிழிக்க முதல்ல ஒரு சின்ன வெட்டுப் போடுவோமே, அந்த வெட்டை நாமே வரிசையா போட்டு வெச்ச மாதிரி.

1964-ல் நியூ ஜெர்ஸியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் ஒரு அழகான வேலை பண்ணினார். ஒரு ஷீட்டுக்குப் பதிலா இரண்டு ஷீட், நடுவில் சின்ன ஊதுகாத்தாடி. தலையணை மாதிரி உப்பி இறுக்கமா நிக்கும். படபடப்பு நின்னுபோச்சு. காத்தைக் காத்தாலேயே அடக்கிட்டார். குளிருக்கும் நல்லது. நமக்கு ஆகாது, நம்ம வெயிலில் உள்ளே வெந்துடும், கரண்ட் போனா தலையணை தொங்கிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்பெயின் நாட்டு அல்மேரியா. கிட்டத்தட்ட பாலைவனம்; வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை. அங்கே விவசாயிகள் கம்பிப் பந்தலில் திராட்சை போட்டுக்கிட்டிருந்தாங்க, நம்ம கம்பம் பக்கம் மாதிரியே. 1960-களில் பிளாஸ்டிக் வந்தபோது அவங்க புதுக் கட்டடம் எதுவும் கட்டலை. திராட்சைப் பந்தல் மேலேயே ஷீட்டை விரிச்சு, அது மேல இன்னொரு கம்பி வலையைப் போட்டு, மேல் வலையையும் கீழ் வலையையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கிட்டாங்க. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் காகிதத்தை வெச்ச மாதிரி. பெரிய கம்பெனியில்லாம, பந்தல் போடத் தெரிஞ்ச கைகள் கண்டுபிடிச்ச பிடி அது. இன்னிக்கு அங்கே சுமார் 30,000 ஹெக்டேர். விண்வெளியிலிருந்து வெள்ளையாத் தெரியுது. அங்கேயும் கீகாத்து, மேகாத்து இரண்டும் உண்டு. லெவாந்தே, பொனியெந்தேன்னு பேர் வெச்சிருக்காங்க. முறுக்கின ஓட்டை வழியா மழை சொட்டும். 200 மில்லிமீட்டர் ஊர்ல பரவாயில்லை. ஐப்பசி மழையில் நம்ம வெள்ளரி அழுகிடும்.

நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது அலுமினிய புரொஃபைலும் ஸ்பிரிங்கும். தேசியத் தோட்டக்கலை இயக்கம் 2005-ல் வந்து, மானியம் கிடைக்க ஆரம்பிச்ச பிறகு ஓசூர், கோவைப் பக்கமெல்லாம் பாலிஹவுஸ் பெருகுச்சு. வேலை எளிசு. ஜிஐ பைப் மேல ஒரு அலுமினியத் தவாளி ஓடும். அதுக்குள்ள ஷீட்டை வெச்சு, நெளிஞ்ச ஸ்பிரிங்கை வலது இடதா அசைச்சு அசைச்சு உள்ளே அமுக்கணும். ஸ்பிரிங் விரிஞ்சு, நீளம் முழுக்க ஷீட்டைத் தவாளியோட அமுக்கிப் பிடிச்சுக்கும். ஆணி இல்லை, ஓட்டை இல்லை. எங்கேயும் ஒரு புள்ளியில் பாரம் விழாது. காத்து அதிகமான பக்கம் ஒரே தவாளியில் இரண்டு ஸ்பிரிங் போடணும்.

போடணும். இங்கேதான் என் கதை வருது.

என்னுது அரை ஏக்கர் பாலிஹவுஸ். மானியம் போக மிச்சம் பேங்க் லோன். அந்த வருஷம் ஆனியில் மேற்கு முகப்பில் மயில் உட்கார்ந்து ஷீட்டைக் கீறிருச்சு. உங்களுக்கு மயில் தேசியப் பறவை. எங்களுக்கு அது வேற. ஆள் விட்டு ஸ்பிரிங்கைக் கழட்டி, ஒட்டுப் போட்டு, திரும்ப மாட்டினோம். ஒரு முழம் நீளத்துக்கு இரண்டாவது ஸ்பிரிங் பத்தலை. "நாளைக்குப் போட்டுக்கலாங்க" என்றார் வேலைக்கு வந்தவர். நானும் சரின்னேன். அவர் மேல தப்பில்லை, சரின்னது நான்.

மூணு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், படபடன்னு ஒரு சத்தம். வீட்டிலிருந்தே கேட்டுச்சு. டார்ச் எடுத்துக்கிட்டு ஓடினேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். அந்த ஒரு முழத்தில் ஷீட் தவாளியை விட்டு வெளியே வந்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் பார்க்கப் பார்க்க, பக்கத்து ஸ்பிரிங் ஒவ்வொண்ணா, ஜிப் கழட்டற மாதிரி, பறந்துச்சு. மேற்கால இருந்து காத்து உள்ளே புகுந்து கூரை முழுக்க உப்பிருச்சு. பைப்பெல்லாம் முனகுது. ஒரு தூண் அடியில் கான்கிரீட்டைச் சுத்தி மண்ணு வெடிச்சு மேல வந்துச்சு.

"கிழிச்சு விடுறா!" என்று அப்பா கத்தினார். புரியலை எனக்கு. "ஷீட்டைக் கிழிடா, இல்லாட்டி கூடே போயிரும்!"

கையில் அரிவாள் இருந்துச்சு. அந்த ஷீட்டோட விலை தெரியும். கட்ட வேண்டிய தவணை தெரியும். உள்ளே நாப்பது நாள் வெள்ளரி, முதல் அறுப்பு அடுத்த வாரம். நான் எத்தனை நேரம் நின்னேன்னு எனக்குத் தெரியாது. அப்பா என் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி, நடு வரிசையில் கைக்கு எட்டின உயரத்தில் நீளமா ஒரு இழுப்பு இழுத்தார். டமார்னு ஒரு சத்தம். உப்பின கூரை பொத்துன்னு இறங்குச்சு. இன்னும் இரண்டு வரிசையை நான் கிழிச்சேன். பைப் முனகறது நின்னுச்சு.

விடிஞ்சு பார்த்தா மூணு வரிசை கந்தல். கொடியெல்லாம் காத்தில் முறுக்கிக் கிடக்குது. ஆனா கூடு நேரா நிக்குது. அதே ராத்திரி பக்கத்து ஊர்ல ஒருத்தர் ஷீட்டைக் காப்பாத்தணும்னு கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கார். ஷீட் கிழியலை, பைப்பையும் தூணையும் பிடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. அவருக்கு ஆன செலவில் பாதி கூட எனக்கு ஆகலை. ஆனாலும் அந்த வருஷத் தவணைக்கு இரண்டு மாட்டை விக்க வேண்டியதாப் போச்சு. அப்பாவுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு அப்புறமாக் கேட்டேன். அப்பாரு ஒரு தடவை ஆடியில் சாளைக்குள்ள நின்னுக்கிட்டு, மேகாத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கீத்தை அவரே பிரிச்சுப் போட்டாராம், காத்து வெளியே போகட்டும்னு.

இப்பல்லாம் வைகாசி பாதியிலேயே ஏணி எடுத்திடுவோம். ஒவ்வொரு தவாளியிலும் விரலை ஓட்டிப் பார்க்கணும். பிளாஸ்டிக் பூச்சு உரிஞ்சு துருப்பிடிச்ச ஸ்பிரிங்கை மாத்தணும், ஏன்னா துரு ஷீட்டை அரிக்கும். தளர்ந்த ஷீட்டை வெயில் நேரத்தில் இழுத்துக் கட்டக்கூடாது. சூட்டில் தொங்கி நிக்கிறதை இழுத்தா, ராத்திரி குளிரில் சுருங்கும்போது கிழியும். காலையில் காத்து எழும்பறதுக்கு முந்தி பண்ணணும். மேற்கு ஓரம் முழுக்க இரண்டு ஸ்பிரிங். மேற்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு. வேலி ஓரமா சவுக்கு நட்டிருக்கேன், இன்னும் தோள் உயரம்தான். வாசல் பக்கத்துல ஆணியில் ஒரு அரிவாள் எப்பவும் தொங்கும்.

சித்தப்பா பையன் கிளம்பும்போது அந்த ஸ்பிரிங்கைப் பைக்குள்ள போட்டுக்கிட்டான், பையன் விளையாடுவான்னு. வாங்கி வெச்சுக்கிட்டேன். துருப்பிடிக்காத ஸ்பிரிங் அது. மேற்கு மூலையில் இன்னும் நாலு அடி பாக்கி.